தயவில் கிடைக்கும் நடைபாதை

கல்கத்தாவின் லேக் மார்க்கெட்டுக்கு வாழைப்பூவும் சின்ன வெங்காயமும் காப்பிப்பொடியும் வாங்க வருகிற தமிழருக்கும், மீன் வாங்க வருகிற வங்காளிக்கும் சமையலில் ஒத்துப்போகாது. நடைபாதை விஷயத்தில் மட்டும் இருவருக்கும் ஒரே பேச்சு. ராஷ்பிகாரி அவென்யூவில் நடக்க இடமில்லை, ஹாக்கர்கள் அடைத்துக்கொண்டார்கள், ஓட்டுக்குப் பயந்து அரசாங்கம் கைகட்டி நிற்கிறது, ஓட்டைப் பற்றிக் கவலைப்படாத கறாரான ஆட்சி ஒன்று வந்து ஒரே ராத்திரியில் எல்லாவற்றையும் வழித்துப் போட்டால்தான் ஊர் உருப்படும். பத்திரிகைத் தலையங்கத்திலும், அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கக் கூட்டத்திலும், காப்பிக் கடை வாசலிலும் இந்த வாதம் தினம் ஒலிக்கிறது. இதில் சொல்லப்படும் குறை உண்மை. நடக்க இடமில்லைதான். ஆனால் காரணமும் பரிகாரமும் தலைகீழாகச் சொல்லப்படுகின்றன. லேக் மார்க்கெட் நடைபாதை இப்படிக் கிடப்பதற்குக் காரணம் அரசாங்கத்திடம் அதிகாரம் போதாதது இல்லை. யாரை உட்காரவிடலாம், யாரை எழுப்பலாம், எப்போது எழுப்பலாம் என்று தன் இஷ்டப்படி முடிவு செய்கிற அதிகாரம் அதனிடம் அளவுக்கு மீறிக் குவிந்திருப்பதுதான் காரணம். அந்த அதிகாரத்தை இன்னும் கூட்டிக் கொடுத்தால் நோயும் கூடவே வளரும்.

கறாரான கை என்ன செய்யும் என்று கற்பனை செய்ய வேண்டிய அவசியமே கல்கத்தாவுக்கு இல்லை; இரண்டு முறை பார்த்தாயிற்று. 1996 மே மாதம் இடது முன்னணி ஐந்தாவது முறையாகத் தேர்தலில் வென்றது. அதே வருடம் நவம்பரில், ஜோதி பாசு முதல்வராகவும் சுபாஷ் சக்கரவர்த்தி போக்குவரத்து அமைச்சராகவும் இருந்தபோது, ‘ஆபரேஷன் சன்ஷைன்’ என்ற பெயரில் ராத்திரியோடு ராத்திரியாக கரியாஹாட் தொடங்கி முக்கியச் சாலைகளின் கடைகள் இடித்துத் தள்ளப்பட்டன. அடுத்த ஜனவரியில் பிரிட்டிஷ் பிரதமர் ஜான் மேஜர் ஊருக்கு வரவிருந்ததும் அந்த அவசரத்துக்கு ஒரு காரணம் என்று அப்போதே பேசப்பட்டது. அதோடு விடவில்லை. 1997இல் மாநகராட்சிச் சட்டத்தையே திருத்தி, நடைபாதையில் விற்பதை ஜாமீன் கிடைக்காத குற்றமாக்கினார்கள். இதைவிடக் கறாராக ஓர் ஆட்சி என்ன செய்துவிட முடியும்? கட்சிக்குப் பலம் இருந்தது, போலீஸ் இருந்தது, புல்டோசர் இருந்தது, புதுச் சட்டமும் வந்தது. இத்தனையும் சேர்ந்தும் ஹாக்கர்களைத் திரும்ப வராமல் தடுக்க முடியவில்லை. சில வருடங்களுக்குள் கரியாஹாட் பழைய கரியாஹாட் ஆகிவிட்டது.

அன்றைக்கு அந்த இடிப்பை எதிர்த்துத் தெருவில் நின்றவர்களில் ஒருவர் மம்தா பானர்ஜி. 2024 ஜூன் 4ஆம் தேதி மக்களவைத் தேர்தல் முடிவு வந்தது. அவருடைய திரிணமூல் காங்கிரஸ் மாநிலத்தின் 42 இடங்களில் 29ஐ வென்றது. மூன்று வாரம் கூட ஆகவில்லை. ஜூன் 24ஆம் தேதி தலைமைச் செயலகமான நபன்னாவில் நடந்த கூட்டத்தில் ஆக்கிரமிப்புகளைப் பற்றி முதல்வராக அவர் பொரிந்து தள்ள, மறுநாளே புல்டோசர்கள் தெருவில் இறங்கின. இரண்டே நாளில், 27ஆம் தேதி, ஒரு மாதத்துக்கு நிறுத்தி வைக்கிறோம், முதலில் கணக்கெடுப்போம் என்று அவரே அறிவித்தார். கட்சி வேறு, கொள்கை வேறு, காலம் வேறு. ஆனால் இரண்டு சம்பவங்களிலும் தேர்தல் முடிந்த பிறகுதான் இடிப்பு வந்தது. ஓட்டுக்குப் பயந்து அரசு சும்மா இருக்கிறது என்று சொல்பவர்கள் இந்தத் தேதிகளை வரிசைப்படுத்திப் பார்க்க வேண்டும். ஓட்டுக்கு முன்னால் சகித்துக்கொள்வதும் ஓட்டுக்குப் பின்னால் விரட்டுவதும் ஒரே கை செய்கிற காரியம். இரண்டுமே அந்தக் கைக்கு லாபம். முதலாவதில் நன்றி கிடைக்கிறது, இரண்டாவதில் பயம் கிடைக்கிறது. பயந்தவன் மறுபடி நன்றி சொல்ல வந்து நிற்பான்.

பயத்துக்கும் நன்றிக்கும் நடுவில் பணமும் ஓடுகிறது. இதைச் சொல்ல எதிர்க்கட்சியைத் தேட வேண்டியதில்லை. காசு வாங்கிக்கொண்டு தெருவில் கடை போடவிடுகிறார்கள் என்று 2024 ஜூனில் முதல்வரே தம் கட்சிக்காரர்களையும் போலீஸையும் பகிரங்கமாகச் சாடினார். வங்காளத்தில் இதற்குத் ‘தோலா’ என்று பெயர், நம்மூரில் மாமூல். தோலா வாங்குகிறவர் கெட்டவர், அவரை மாற்றினால் சரியாகிவிடும் என்று நினைப்பதுதான் பொதுவான பிழை. ஒரு தொழிலைச் சட்டம் முழுக்க அனுமதிக்கவும் இல்லை, முழுக்கத் தடுக்கவும் இல்லை என்றால், நடுவில் நிற்பவனின் கண்ணசைவுக்கு விலை வந்துவிடும். அந்த இடத்தில் உத்தமரை உட்கார வைத்தாலும் விலை இருந்துகொண்டேதான் இருக்கும். அவர் வாங்காவிட்டால் அவருக்குக் கீழே இருப்பவர் வாங்குவார். இடிப்பு நடவடிக்கை அந்த விலையைக் குறைப்பதில்லை, ஏற்றிவிடுகிறது. நேற்று இடித்த இடத்தில் இன்று உட்கார அதிகம் கொடுக்க வேண்டும். புல்டோசருக்குக் கைதட்டுகிற நடுத்தர வர்க்கம், தனக்குத் தெரியாமலே தோலாவின் விலையேற்றத்துக்குக் கைதட்டுகிறது.

ஒரு கடையைக் கிட்டே போய்ப் பார்த்தால் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். நாலு மூங்கில், ஒரு மரப்பலகை, மேலே கயிறு போட்டு இழுத்துக் கட்டிய நீலத் தார்ப்பாய். பலகைக்கு முன்னால் ஒரு கூடை, கூடைக்கு முன்னால் ஒரு ஸ்டூல், ஸ்டூலுக்கு முன்னால் தொங்கவிட்ட நைட்டிகள். ராத்திரி அத்தனையும் பிளாஸ்டிக் ஷீட்டில் மூட்டையாகி அதே இடத்தில் கிடக்கும். அசிங்கம்தான். ஆனால் இந்த அசிங்கத்துக்கு ஒரு கணக்கு உண்டு. நாளைக்கு இடித்துவிடக்கூடிய கடைக்கு எவனும் தகரக் கூரை போடமாட்டான்; தார்ப்பாய்தான் கட்டுவான். இவ்வளவுதான் உன் இடம் என்று யாரும் எழுதிக் கொடுக்காதபோது, முடிந்தவரை முன்னால் நீட்டி வைப்பதுதான் புத்திசாலித்தனம். இன்று ஒரு சாண் விட்டுக்கொடுத்தால் நாளைக்குப் பக்கத்துக் கடைக்காரன் அதில் கூடை வைப்பான். சாமானை வேறெங்காவது பூட்டி வைத்துவிட்டுப் போனால் காலையில் இடம் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஆகவே மூட்டை நடைபாதையிலேயே படுத்திருக்கிறது. நடந்து போகிறவரை எரிச்சலூட்டும் ஒவ்வொன்றும் இந்த நிச்சயமின்மை பெற்ற பிள்ளை. சொந்த வீட்டுக்காரனுக்கும், எப்போது காலி செய்யச் சொல்வார்களோ என்றிருக்கும் ஒண்டுக்குடித்தனக்காரனுக்கும் சுவரில் ஆணி அடிக்கும் விதத்திலேயே வித்தியாசம் தெரியும். ஹாக்கருக்கு மட்டும் வேறு மனித இயல்பு இருக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பார்த்துவிடலாம், ஏனென்றால் ஹாக்கர் என்றாலே சட்டவிரோதம் என்ற நினைப்பு படித்தவர்களிடம்தான் அதிகம். 1989இல் சோடன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், தெருவில் வியாபாரம் செய்வது அரசியல் சாசனத்தின் 19(1)(ஜி) பிரிவு தரும் தொழில் உரிமைக்குள் அடங்கும் என்றது. நியாயமான கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டது, குறிப்பிட்ட ஓர் இடத்தில்தான் உட்காருவேன் என்பது அடிப்படை உரிமை ஆகாது என்றும் சேர்த்தே சொன்னது. 2014இல் நாடாளுமன்றம் தெரு வியாபாரிகள் சட்டத்தை இயற்றியது. முதலில் கணக்கெடுக்க வேண்டும், சான்றிதழ் கொடுக்க வேண்டும், அது முடியும்வரை யாரையும் அகற்றக் கூடாது. அகற்றுவதானால் 30 நாள் நோட்டீஸ். பறிமுதல் செய்தால் பட்டியல் எழுதிக் கொடுக்க வேண்டும், அழுகும் பொருளைக் கேட்ட அன்றே திருப்பித் தர வேண்டும். இதையெல்லாம் கவனிக்கும் ஊர் விற்பனைக் குழுவில் 40 சதவீதம் பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த வியாபாரிகளாக இருக்க வேண்டும். விதிகளை ஒரு வருடத்துக்குள் வகுக்க வேண்டும் என்று அந்தச் சட்டமே கெடு வைத்தது. மேற்கு வங்கத்தின் விதிகள் வந்தது 2018இல். 2024இல் புல்டோசரை அனுப்பிவிட்டு அதன்பிறகு கணக்கெடுக்கக் கிளம்பினார்கள். இப்போது சொல்லுங்கள், இந்தக் கதையில் சட்டத்தை மீறியவர் யார்? பூ விற்பவரிடம் காகிதம் இல்லை என்பது உண்மை. அந்தக் காகிதத்தைக் கொடுக்கக் கடமைப்பட்டவர் கொடுக்கவில்லை, கொடுக்காமலே தண்டிக்கவும் வந்துவிட்டார் என்பது அதைவிடப் பெரிய உண்மை. காகிதம் கொடுத்துவிட்டால் ஹாக்கர் கவுன்சிலர் வீட்டு வாசலுக்கு வரமாட்டார். பத்து வருடத் தாமதத்தைச் சோம்பல் என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

இந்த இடத்தில் வழக்கமாகச் சிங்கப்பூரை இழுப்பார்கள். லீ குவான் யூ கையில் சாட்டை எடுத்தார், தெருக்கள் சுத்தமாயின, நமக்கும் அப்படி ஒருவர் வேண்டும் என்பார்கள். சிங்கப்பூரில் நடந்ததை வரிசையாகப் படித்தால் பாடம் வேறு. அங்கே 1968-69இல் முதலில் செய்தது கணக்கெடுப்பு. தெருவில் விற்றுக்கொண்டிருந்தவர்களைப் பதிவு செய்து தாற்காலிக உரிமம் கொடுத்தார்கள். பிறகு 1971 முதல் தண்ணீரும் மின்சாரமும் சாக்கடையும் உள்ள ஹாக்கர் சென்டர்களைக் கட்டினார்கள். தெருவில் இருந்தவர்கள் அங்கே குடியேறி முடிந்தது 1986இல். ஒரே ராத்திரியில் இல்லை, ஏறக்குறைய பதினெட்டு வருடம். அந்த ஹாக்கர் பண்பாட்டைத்தான் 2020இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. தேக்கா சந்தையில் தோசை தின்றுவிட்டு வந்து லேக் மார்க்கெட் தோசைக்கடையை இடிக்கச் சொல்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். சிங்கப்பூரில் சாட்டை இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் சாட்டைக்கு முன்னால் காகிதம் போனது. நாம் சாட்டையை மட்டும் இறக்குமதி செய்யக் கேட்கிறோம்.

அடுத்த ஆட்சேபணை கனமானது. நடைபாதை எல்லோருக்கும் சொந்தம், அதில் ஒருவர் பிழைப்பு நடத்த மற்றவர் ஏன் சாலையில் இறங்கி பஸ்ஸுக்கு முன்னால் நடக்க வேண்டும்? வாடகையும் வரியும் கட்டும் கடைக்காரர் ஏன் ஒன்றும் கட்டாதவரோடு போட்டியிட வேண்டும்? சுதந்திரத்தின் பெயரால் பேசுகிறவர் இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. அடுத்தவர் வழியை அடைக்கும் சுதந்திரம் எவருக்கும் கிடையாது. நடைபாதையில் மூன்றில் ஒரு பங்குதான் கடைக்கு, மூன்றில் இரண்டு பங்கு நடப்பவருக்கு என்ற அளவு கல்கத்தாவில் ஏற்கெனவே இருக்கிறது. நல்ல அளவு. அதைத் தரையில் பெயிண்டால் கோடு போட்டுக் காட்டி, கோட்டைத் தாண்டும் கூடைக்கு அன்றே அபராதம் போடுங்கள், ரசீதோடு. காகிதம் வைத்திருப்பவருக்கு இழக்க ஏதோ இருக்கிறது, கோட்டுக்குள் நிற்பார். காகிதமே இல்லாதவரை எதைப் பறிப்பேன் என்று மிரட்டுவீர்கள்? கடைக்காரரின் குறைக்கும் இதுதான் பதில். ஹாக்கரிடம் மாதக் கட்டணம் வாங்குங்கள். அவர் இப்போதும் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். அது கஜானாவுக்கு வருவதில்லை, அவ்வளவுதான். பொது இடம் என்ற வாதத்தை எடுத்தவர்கள் அதை முழுக்கவும் எடுக்க வேண்டும். தெருவோரத்தில் ஒரு கார் நின்றால் பொது இடத்தில் பூக்கடை அளவு இடம் இரண்டு மூன்று போய்விடுகிறது. நகரப் பரப்பில் சாலைகளுக்கு ஆறு சதவீதமே இருப்பதாகச் சொல்லப்படும் ஊர் இது. அந்தச் சாலையில் காருக்கு வாடகைக்கு இடம் விடுவது நிர்வாகம், பூக்கூடைக்கு விட்டால் ஆக்கிரமிப்பு என்ற கணக்கில் பொதுநலத்தைவிட வர்க்கநலம் அதிகம்.

தீ விபத்தைக் காட்டுபவர்களும் உண்டு. 2019 ஜனவரியில் கரியாஹாட்டில் ஒரு பெரிய ஜவுளிக் கடை இருந்த கட்டிடம் எரிந்தபோது, நடைபாதைக் கடைகளின் பிளாஸ்டிக் ஷீட்டுகள் மீது பழி விழுந்தது. பிளாஸ்டிக் ஆபத்து என்பதில் சந்தேகமில்லை. அந்தத் தீக்குப் பிறகு பிளாஸ்டிக்கை எடுத்துவிட்டுத் தகரத்துக்கு மாறச் சொன்னார்கள். அதாவது, நிரந்தரமில்லை என்று சொல்லி வைத்திருப்பவரை நிரந்தரமான கூரை போடச் சொன்னார்கள். முதல் வாக்கியத்தை மாற்றாமல் இரண்டாவதைச் சொல்லிப் பயனில்லை. இடம் தனது என்று தெரிந்தவர் தகரம் போடுவார், மீட்டர் வைத்து மின்சாரம் வாங்குவார், வங்கியில் கடன் கேட்பார். பெரு நாட்டுப் பொருளாதார அறிஞர் ஹெர்னாண்டோ டி சோட்டோ 1986இல் வந்த தம் நூலில் இதைத்தான் வாதாடினார். லிமா நகரில் ஒரு சிறு தையல் பட்டறையைச் சட்டப்படி பதிவு செய்யத் தம் குழுவை அனுப்பிப் பார்த்தார். 289 நாள் ஆயிற்று. ஏழைகள் சட்டத்துக்கு வெளியே நிற்பது அவர்களுக்குச் சட்டம் பிடிக்காததால் இல்லை, உள்ளே வரக் கேட்கும் விலை கட்டுப்படியாகாததால் என்பது அவர் கண்ட முடிவு.

இங்கே 2014 சட்டத்தையும் விமர்சித்தாக வேண்டும், ஏனென்றால் அதுவும் பாதி தூரம்தான் வந்தது. சான்றிதழை யாருக்கும் மாற்றிக் கொடுக்கக் கூடாது, வாடகைக்கு விடக் கூடாது என்கிறது சட்டம். இறந்தாலோ நிரந்தரமாக ஊனமுற்றாலோ நோயில் விழுந்தாலோ மட்டும் மனைவிக்கோ கணவனுக்கோ பிள்ளைக்கோ போகலாம். அதோடு, எனக்கு வேறு பிழைப்பு இல்லை என்று வியாபாரி உறுதிமொழி எழுதிக் கொடுக்க வேண்டும். எந்த மளிகைக் கடைக்காரரிடமும் எந்த வக்கீலிடமும் கேட்காத உறுதிமொழி இது. பூ விற்பவர் ஏழையாகவே இருப்பேன் என்று சத்தியம் செய்தால்தான் பூ விற்கலாம்! இடத்தை விற்க விட்டால் பணக்காரன் வாங்கிக் குவித்துவிடுவான் என்று இடதுசாரி நண்பர்கள் பயப்படுகிறார்கள். ஒருவருக்கு ஓர் இடம் என்று வரம்பு வைத்துவிட்டால் குவிப்பது தீர்ந்தது. மற்றபடி, இடங்கள் இன்றைக்கும் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன, ரசீதில்லாமல், யூனியன்காரர் சாட்சியாக. அந்த வியாபாரத்தில் நாற்பது வருடம் உட்கார்ந்த கிழவிக்கு என்ன விலை கிடைக்கும், இடைத்தரகருக்கு என்ன கிடைக்கும் என்பது தெரிந்ததே. எழுத்தில் விற்க முடிந்தால் அவள் ஓய்வு பெறும்போது கையில் ஒரு தொகையோடு போவாள்.

கடைசி ஆட்சேபணை ஹாக்கர்கள் தரப்பிலிருந்தே வரக்கூடியது. காகிதம் கோர்ட்டில்தான் பேசும். தெருவில் காப்பாற்றுவது கட்சியும் கொடியும் ஓட்டும்தானே? 1996க்குப் பிறகு ஹாக்கர் சங்கிராம் கமிட்டி போன்ற அமைப்புகள் திரண்டு நின்றிராவிட்டால் இந்தச் சட்டமே வந்திருக்காதே? உண்மை, சேர்ந்து நிற்பதன் பலத்தை எவரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் சங்கமாகத் திரள்வது வேறு, கொடிக்குக் கீழே ஒண்டுவது வேறு. ஓட்டு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. பூக்கடை தினம் காலை ஐந்து மணிக்கு. தேர்தல் தரும் பாதுகாப்பு, தேர்தல் முடிந்ததும் தீர்ந்துபோகும் பாதுகாப்பு என்று இரண்டு முறை நிரூபணமாகிவிட்டது. இன்றைய கட்சி உங்களைக் காக்கிறது என்றால், நாளைய கட்சி உங்களை முந்தைய கட்சிக்காரர் என்று விரட்டும். உரிமை என்பது ஜெயித்தவர் யாரானாலும் மாறாமல் இருப்பது. அப்படி மாறாமல் இருக்கிற ஒன்றை அடைந்த பிறகு ஓட்டை எதற்குப் போடலாம் என்று சுதந்திரமாக யோசிக்கலாம். பள்ளிக்கூடத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு, சாக்கடைக்கு. இன்று ஹாக்கரின் ஓட்டு அவர் உட்கார்ந்திருக்கும் ஆறடிக்கு அடமானத்தில் இருக்கிறது.

இந்தச் சிந்தனை அந்நியச் சரக்கு என்று எண்ண வேண்டாம். சுதந்திர இந்தியாவில் மேற்கு வங்கத்தின் முதல் கவர்னராக 1947இல் வந்தவர் ஒரு தமிழர், ராஜாஜி. அவரே 1952இல் சென்னை முதல்வராக உட்கார்ந்ததும் உணவுதானியக் கட்டுப்பாட்டையும் ரேஷனையும் எடுத்தார். கட்டுப்பாட்டை விட்டால் பதுக்கல் பெருகும், மக்கள் பட்டினி கிடப்பார்கள் என்று அதிகாரிகளும் மற்றவர்களும் எச்சரித்தார்கள். பயந்தபடி எதுவும் நடக்கவில்லை. டெல்லியில் மத்திய உணவு அமைச்சர் ரஃபி அகமது கித்வாயும் அதே வழியில் போனார். 1959இல் சுதந்திராக் கட்சி தொடங்கி, ராஜாஜி ‘லைசென்ஸ் பர்மிட் கோட்டா ராஜ்’ என்று ஓயாமல் சாடியது பெரிய ஆலைகளின் விவகாரமாகத்தான் நினைவில் நிற்கிறது. 1991இல் வந்த தாராளமயத்துக்குப் பிறகு ஆலை முதலாளி அந்த ராஜ்யத்திலிருந்து பெருமளவு தப்பிவிட்டார். கூடை முதலாளி இன்னும் அதன் குடிமகன். தாராளமயத்தை வரவேற்ற அதே நடுத்தர வர்க்கம், தன் வீட்டு வாசலில் அது வந்து பூக்கூடையோடு உட்கார்ந்தபோது மட்டும் போலீஸைக் கூப்பிடுகிறது.

ஆக, கேட்க வேண்டியது பலமான அரசாங்கத்தை இல்லை. கையைக் கட்டிக்கொண்ட அரசாங்கத்தை. கோடு எங்கே என்று ஒருமுறை போட வேண்டும், யார் எங்கே என்று ஒருமுறை எழுத வேண்டும், கட்டணம் எவ்வளவு என்று பலகையில் எழுதி மாட்ட வேண்டும். கோட்டைத் தாண்டினால் ஹாக்கர் மீதும், காகிதம் உள்ளவரைத் தொட்டால் அதிகாரி மீதும், இரண்டையும் செய்யத் தவறினால் மாநகராட்சி மீதும் நடந்து போகிற எவரும் வழக்குப் போட முடிய வேண்டும். அதன்பிறகு அமைச்சருக்கோ கவுன்சிலருக்கோ அந்த நடைபாதையில் வேலையே இருக்கக் கூடாது. இதற்குக் கறாரான தலைவர் தேவையில்லை. எந்தத் தலைவர் வந்தாலும் மாற்ற முடியாத ஒரு பதிவேடு போதும். இதை எந்தக் கட்சியும் தானாகக் கொடுக்காது, ஏனென்றால் கொடுத்த அன்றே அதன் கையில் இருக்கிற பிடி போய்விடும். அதனால்தான் லேக் மார்க்கெட்டின் வாடிக்கையாளரும் வியாபாரியும் எதிரெதிரே நிற்பது கட்சிகளுக்கு அவ்வளவு சௌகரியமாக இருக்கிறது. ‘இவர்களை அகற்று’ என்று ஒருவரும் ‘எங்களைக் காப்பாற்று’ என்று இன்னொருவரும் ஒரே வாசலில் மனுக் கொடுக்கும்வரை அந்த வாசலுக்குத்தான் வருமானம். ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் இரண்டு பேரும் சேர்ந்து கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எங்கள் நடைபாதையில் எந்த அதிகாரத்தை விட்டுக்கொடுக்கப் போகிறீர்கள்?